கிரேம் ஸ்மித்தைச் சிறந்த டெஸ்ட் கேப்டன்களின் வரிசையில் வைக்கலாமா?

கேள்வி:
டெஸ்ட் கேப்டன்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கிளைவ் லாயிட், ஸ்டீவ் வா, ரிக்கி பாண்டிங் என்ற பெயர்கள் தாமாகவே வந்துவிடுகின்றன. தென்னாப்பிரிக்காவின் கிரேம் ஸ்மித்தை மட்டும் யாராவது நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2003 உலகக் கோப்பையில் அந்த அணி முதல் சுற்றோடு வெளியேறியபின், ஷான் பொல்லாக்கிடம் இருந்த பொறுப்பு எட்டே டெஸ்டுகள் ஆடியிருந்த 22 வயது இளைஞரிடம் வந்தது. அவர் 109 டெஸ்டுகளுக்குத் தலைமை தாங்கி 53 வெற்றிகளைப் பெற்றார். இரண்டுமே உலக சாதனைகள். ஆனாலும் பீல்டிங் வியூகத்தில் அவர் தற்காப்பையே நாடினார் என்ற குறை நெடுநாளாக உண்டு. வேகப்பந்து வீச்சாளர் டேல் ஸ்டெயினும் ஆல்ரவுண்டர் ஜாக் காலிஸும் இல்லாவிட்டால் இத்தனை வெற்றிகள் கிடைத்திருக்குமா?

பதில் 1:
வியூகம் பற்றிய குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்மித்தின் தலைமையை அவருடைய பேட்டிங்கிலிருந்து பிரித்துப் பார்ப்பது சரியாகாது. 2008 எட்ஜ்பாஸ்டன் டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கு 281, 93 ரன்களுக்குள் நான்கு விக்கெட்டுகள் போய்விட்டன. தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய ஸ்மித் கடைசிவரை நின்று, டி வில்லியர்ஸையும் பிறகு பௌச்சரையும் துணைக்கு வைத்துக்கொண்டு, ஆட்டமிழக்காமல் 154 ரன்கள் எடுத்து, 1965க்குப் பிறகு இங்கிலாந்து மண்ணில் தென்னாப்பிரிக்காவுக்கு முதல் தொடர் வெற்றியைப் பெற்றுத் தந்தார். மறுநாளே இங்கிலாந்து கேப்டன் மைக்கேல் வான் பதவி விலகினார். 2003இல் இதே மைதானத்தில் ஸ்மித் 277 அடித்த டெஸ்ட் முடிந்ததும் நாசர் ஹுசைன் விலகியிருந்தார். 2012 தொடருக்குப் பின் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸும் ஓய்வு பெற்றார். வெற்றி கிட்டிய நான்காவது இன்னிங்ஸ்களில் நான்கு சதங்கள் அடித்தவர் அவர். அந்த நெருக்கடியில் ஸ்டெயின் என்ன செய்திருக்க முடியும்?

பதில் 2:
மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்மித்தின் காலத்தில் தென்னாப்பிரிக்கா சொந்த மண்ணில் ஆஸ்திரேலியாவிடம் ஒரு டெஸ்ட் தொடரைக்கூட வெல்லவில்லை. 2006, 2009, 2014 ஆகிய மூன்று முறையும் தோல்வி, 2011இல் சமன். உலகக் கோப்பைகளின் கதையும் இப்படித்தான்: 2007 அரையிறுதியில் 149 ரன்களுக்குச் சுருண்டார்கள், 2011 காலிறுதியில் நியூசிலாந்திடம் வீழ்ந்தார்கள். அவருடைய நெஞ்சுரத்தை நான் மறுக்கவில்லை. அவரைப் பெரிய கேப்டன் என்று ஏற்கத்தான் எனக்குத் தயக்கம்.

பதில் 3:
சொந்த மண் கணக்கு சரிதான். ஆனால் வெளிநாட்டுக் கணக்கைத் தாங்கள் தொடவே இல்லை. 2006 இலங்கைத் தொடரில், காயத்தால் ஸ்மித் ஆடாதபோது, தோற்ற தென்னாப்பிரிக்கா, அதன்பின் அவர் ஓய்வு பெறும்வரை வெளிநாட்டில் எந்த டெஸ்ட் தொடரையும் இழக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் தென்னாப்பிரிக்காவின் முதல் தொடர் வெற்றியும் இந்தக் காலத்தில்தான். பெர்த்தில் 414 ரன்களைத் துரத்தி வென்றபோது 108 ரன்கள் ஸ்மித்துடையவை.

அந்தத் தொடரின் கடைசி டெஸ்ட், சிட்னி, 2009 ஜனவரி. தொடர் ஏற்கெனவே கையில் வந்துவிட்டது. முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் மிட்செல் ஜான்சனின் பந்து பட்டு ஸ்மித்தின் இடக்கை எலும்பு முறிந்திருந்தது. ஐந்தாம் நாள் மாலை ஒன்பதாவது விக்கெட் விழ, ஆட்டத்தைச் சமனில் முடிக்க எட்டு ஓவர்களுக்குச் சற்று அதிகமாகத் தாக்குப்பிடிக்க வேண்டிய நிலையில், அவர் படியிறங்கி வந்தார். எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மறுமுனையில் மக்காயா நிட்டினி. முறிந்த கையோடு பந்துகளை ஒவ்வொன்றாகத் தடுத்துக்கொண்டிருந்தவரின் ஸ்டம்பை, பத்தே பந்துகள் மீதமிருந்தபோது, அதே ஜான்சன் சாய்த்தார்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வெளிநாட்டுத் தொடர்களைத் தனியாக எடுத்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதில் இந்தியாவில் 2008இலும் 2010இலும் கிடைத்த சமன்களும் சேரும். அங்கே ஸ்டெயினின் பங்கு எவ்வளவு, ஸ்மித்தின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்கள் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும்.