புதுப்பிப்பு: சிரியஸை ஒரு சாண் தள்ளிக் காட்டிய போன்

போன வாரம் புலம்பியிருந்தேனே, மொட்டைமாடியில் நட்சத்திரங்களை அடையாளம் காட்டும் ஸ்டெல்லேரியம் ஆப்பைத் திறந்து போனை வானத்துக்கு நேரே நீட்டினால், திரையில் சிரியஸ் நட்சத்திரம் நிஜ இடத்திலிருந்து ஒரு சாண் இடப்பக்கம் தள்ளித் தெரிகிறதென்று? காரணம் பிடிபட்டுவிட்டது. ஆப் மேல் குற்றமில்லை. என் போன் உறையின் மூடியில் ஒரு குட்டிக் காந்தம்!

திரையில் சிரியஸின் உயரம் மட்டும் எப்படிச் சரியாக இருந்தது என்று குழம்பியிருந்தேன். அதைப் போன் புவியீர்ப்பை வைத்துக் கணிக்கிறது. திசைக்குத்தான் காந்த உணரி; அதைத்தான் உறைக் காந்தம் குழப்பியிருக்கிறது. கை நீட்டிச் சாண் விரித்தால் ஏறக்குறைய 20 டிகிரி, அவ்வளவு பிசகு.

நேற்று உறையைக் கழற்றி, இரும்புக் கைப்பிடியை விட்டு நாலடி தள்ளி நின்று, போனைக் காற்றில் எட்டுப் போடுவதுபோல் சுழற்றினேன். (எதிர்வீட்டுப் பாட்டி, "என்னப்பா, திருஷ்டி கழிக்கிறியா?") பொட்டு வைத்ததுபோல் சிரியஸ் வந்து உட்கார்ந்தது. அதற்குக் கீழே, தெற்கில் தாழ்வாக அகத்திய நட்சத்திரம். இத்தனை வருஷமாக அதை ஏதோ டவர் விளக்கு என்றே நினைத்திருந்தேன்.

இரவுப் பயன்முறையில் திரையைச் சிவப்பாக்கியும் வெளிச்சத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். கண் இருட்டுக்குப் பழக மறுபடி அரை மணி நேரம். அதற்குள் மேகம்.