ஆலயத்தை மறுபடி திறக்கிறோம்: இருக்கை, காற்று, பாட்டு, திருவிருந்து எப்படி?

சேகரச் (திருச்சபை வட்டாரச்) செயலர் (கேள்வி), ஜூலை 2021

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொரோனாவால் மூடியிருந்த வழிபாட்டுத் தலங்களை ஜூலை 5 முதல் திறக்கலாம், திருவிழா மட்டும் கூடாது என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது. எங்களுடையது திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம். உள்ளே 60 அடி நீளம், 32 அடி அகலம், 18 அடி உயரம். நடுவில் 4 அடி நடைபாதை. இருபுறமும் 10 அடி பெஞ்சுகள், பக்கத்துக்கு 14. பெஞ்சுக்குப் பெஞ்சு 3 அடி. சுவர் ஓரமாகவும் நடக்க இடம் உண்டு. பக்கத்துக்கு ஆறு ஜன்னல். வெளியே வேப்பமரம் நிற்கும் முற்றம். 110 குடும்பங்கள், வழக்கமாக ஞாயிறு ஆராதனைக்கு 300 பேர் வருவார்கள்.

எத்தனை பேரை உட்கார வைக்கலாம்? பாட்டு, திருவிருந்து (அப்பமும் திராட்சை ரசமும் பகிர்வது), காணிக்கை இவற்றை எப்படிச் செய்வது? வாசலில் நடந்து வருகிறவர்கள் மேல் மருந்து தெளிக்கும் சானிடைசர் சுரங்கம் வைக்கலாம், ஆலயம் முழுக்க பிளீச்சிங் தெளிக்கலாம் என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள். செலவு செய்வதற்கு முன் கேட்டுக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

தென்காசி மூப்பர்

முதலில் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். பெஞ்சு இடைவெளி 3 அடி என்றால் ஒன்றுவிட்டு ஒன்று உட்கார 6 அடி கிடைக்கும். இரண்டரை அடியாக இருந்தால் 5 அடிதான் வரும், போதாது. உங்கள் கணக்குப்படி பக்கத்துக்கு 7 பெஞ்சு, மொத்தம் 14. காலியாக விட வேண்டிய பெஞ்சில் கயிறு கட்டிவிடுங்கள். தாள் ஒட்டினால் எடுத்துப் போட்டுவிட்டு உட்காருவார்கள்.

ஒரு பெஞ்சுக்கு ஒரு குடும்பம். சுவர்ப் பக்கம் இருந்து நான்கு பேர் உட்காரட்டும், நடைபாதை ஓரம் 3 அடி காலியாக இருக்க வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்: முன்னும் பின்னும் ஆறடி விட்டுவிட்டு, நடைபாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நான்கு அடியில் இரண்டு குடும்பத்தை உட்கார வைத்துவிடுவார்கள். தனியாக வருபவர்கள் பெஞ்சுக்கு இரண்டு பேர். முதல் ஆள் சுவர் முனையில், அடுத்தவர் ஆறடி தள்ளி. இப்படிப் போனால் ஒரு ஆராதனைக்கு 40, 45 பேர். அதற்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்க்காதீர்கள்.

300 பேருக்கு இது காணாதுதான். தெருவாரியாகக் குடும்பங்களைப் பிரித்து, எந்த வாரம் எந்த நேரம் என்று சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள். காலை 6 மணி, 7.30, 9 மணி என்று மூன்று ஆராதனை; ஒவ்வொன்றும் 45 நிமிடம். இடையில் இருக்கும் 45 நிமிடமும் ஜன்னல் திறந்தபடி ஆலயம் காலியாக இருக்கட்டும். வெளியே போகும்போது கடைசி பெஞ்சு முதலில் எழும்பட்டும். ஆராதனை முடிந்து கேட் பக்கம் கூடி நின்று பேசுவதுதான் உள்ளே காத்த கட்டுப்பாட்டையெல்லாம் கெடுத்துவிடும். அங்கே பொறுமையாகப் பேசக்கூடிய இரண்டு பேரை நிறுத்துங்கள். சபையார் சேர்ந்து உண்ணும் அசன விருந்து இந்த வருஷம் வேண்டாம்.

காற்றோட்டப் பொறியாளர்

மூப்பர் ஐயா சொன்னது சரி. ஆனால் ஆறடி மட்டும் காப்பாற்றாது. மூச்சிலும் பேச்சிலும் வரும் நுண்துளிகள் அடைத்த கூடத்தில் மணிக்கணக்கில் மிதக்கும். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பாட்டுப் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். 53 பேருக்குத் தொற்று, இரண்டு பேர் இறந்தார்கள். ஆகவே பணத்தைக் காற்றோட்டத்தில் போடுங்கள், பிளீச்சிங்கில் வேண்டாம்.

இந்த மாதம் உங்கள் பக்கம் மேல்காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று) நன்றாக வீசும். மேற்கு ஜன்னல் வழியாகக் காற்று வரட்டும், கிழக்கு ஜன்னல் வழியாகப் போகட்டும். கிழக்கே இரண்டு மூன்று ஜன்னலில் பெடஸ்டல் ஃபேனை வெளியே பார்த்து வையுங்கள். உள்ளே பார்த்து வைத்தால் ஒருவர் மூச்சை அடுத்தவர் முகத்தில் அடிக்கும். சீலிங் ஃபேன் புதுக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதைக் கலக்கும், அவ்வளவுதான். ஜன்னல் திறந்திருந்தால் மெதுவாக ஓடலாம். ஏ.சி. இருந்தால் போடவே வேண்டாம்.

சோதனை எளிது. ஊதுபத்தி கொளுத்தி ஒவ்வொரு பெஞ்சாகக் கொண்டு போங்கள். புகை எந்த மூலையில் தேங்குகிறதோ அந்தப் பெஞ்சைக் காலியாக விடுங்கள். பெரும்பாலும் பாடகர் குழு உட்காரும் மூலையும் மாடிக்குக் கீழே உள்ள இடமும்தான் மாட்டும். மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு தேங்குகிறது என்று காட்டும் மீட்டர் வாங்கினால் ஆராதனை நடுவில் பாருங்கள். வெளிக்காற்றில் 400 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) சுற்றி இருக்கும், உள்ளே 800க்குள் இருந்தால் நல்லது, 1000 தாண்டினால் ஆள் அதிகம் அல்லது ஜன்னல் போதவில்லை. மலிவான மீட்டர்கள் ஏமாற்றும்: பக்கத்தில் சானிடைசர் தெளித்ததும் எண் எகிறினால், அது கார்பன் டை ஆக்சைடை அளக்கவில்லை.

இதையெல்லாம் விட நல்ல இடம் உங்கள் முற்றம். பந்தல் போடுங்கள், பக்கத்தில் மறைப்புத் துணி மட்டும் கட்டாதீர்கள். மூன்று பக்கம் மறைத்த பந்தல் கூடத்துக்குச் சமம்.

பொது சுகாதாரச் செவிலியர்

சுரங்கம் வேண்டவே வேண்டாம். மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. கண்ணும் தோலும் எரியும், மூச்சு அடைக்கும், கிருமி உடலுக்குள் இருப்பதால் பயனும் இல்லை. தரை, கைப்பிடி, பெஞ்சு முதுகை சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும். கழிப்பறைத் தரைக்கு மட்டும் 1 சதவீதக் கரைசல்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 30 கிராம் பிளீச்சிங் பவுடர். அதோடு ஆசிட் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

தெர்மல் ஸ்கேனர் காய்ச்சலை மட்டுமே காட்டும், அறிகுறி இல்லாதவரை விட்டுவிடும். வெயிலில் நடந்து வந்தவரை ஐந்து நிமிடம் நிழலில் உட்கார வைத்துப் பாருங்கள். மாஸ்க் மூக்கை மூடியிருக்கிறதா என்பதை ஸ்கேனரைவிடக் கவனமாகப் பாருங்கள். முகக் கேடயம் மட்டும் போட்டு வந்தால் உள்ளே விட வேண்டாம். வாசலில் மாஸ்க் வைத்திருந்து கொடுங்கள், யாரையும் வெட்கப்படுத்தாமல்.

65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி இரண்டு டோஸ் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தாலும் முற்றத்தில் தனி ஆராதனை வைப்பது நல்லது. வீட்டிலிருந்தே பார்க்கிறவர்களை மறந்துவிடாதீர்கள், நேரலையை நிறுத்தக் கூடாது.

சானிடைசர் தடவிய ஈரக் கையோடு மெழுகுவர்த்தி பற்ற வைக்கக் கூடாது. கோயில்பிள்ளையிடம் (ஆலயப் பணியாளரிடம்) இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

சேகரச் செயலர்

நன்றி. சுரங்கத்தை விட்டுவிடுகிறோம். திருவிருந்துதான் இன்னும் குழப்பம். எல்லாரும் குடிக்கும் பொதுக் கிண்ணம் இல்லாமல் எப்படி? பாட்டே இல்லாத ஆராதனையை மக்கள் ஏற்பார்களா?

சபை ஊழியர்

பொதுக் கிண்ணம் இப்போது முடியாது. அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தோய்த்துக் கொடுப்பதும் சரிவராது, பலர் விரல் கிண்ணத்தில் படும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அப்பம் மட்டும் கொடுப்பது. இன்னொன்று, ஆளுக்கு ஒரு சிறு கிண்ணம். எனக்கு முதலாவதே நல்லதாகத் தோன்றுகிறது. அப்பம் என்ற ஒரே வடிவில் பெற்றாலும் அது நிறைவான திருவிருந்துதான் என்று குருவானவர் முந்தின ஞாயிறே விளக்கிவிட வேண்டும். ஆயத்தம் செய்பவர் ஒருவரே, கை கழுவி, மாஸ்க் போட்டு. அப்பத்தைப் பரிசுத்தப்படுத்தும் பிரதிஷ்டை ஜெபத்தின்போது அப்பத் தட்டு மூடியிருக்கட்டும். பீடத்தண்டை முழங்காலில் வரிசையாக நிற்பதற்குப் பதிலாக, குருவானவர் கையில் சானிடைசர் போட்டு அது காய்ந்த பிறகு பெஞ்சுக்கு வந்து, பேசாமல், கையைத் தொடாமல் உள்ளங்கையில் வைக்கலாம். வார்த்தைகளை எல்லோருக்கும் சேர்த்து முன்பே சொல்லிவிடுங்கள். அவர் நகர்ந்த பிறகு, வாங்கியவர் மாஸ்க்கை இறக்கட்டும்.

பாட்டு: சபையாக உரத்துப் பாடுவது வேண்டாம். மாஸ்க் போட்ட ஒருவர் ஜன்னல் ஓரம் நின்று ஒரு கீர்த்தனையில் இரண்டு சரணம் பாடட்டும், கீபோர்டு வாசிக்கலாம். முற்றத்தில் என்றால், மாஸ்க்கோடு எல்லாரும் மெல்லப் பாடலாம் என்பது என் கருத்து. பாமாலைப் (பாட்டுப்) புத்தகங்களைப் பெட்டியில் வைத்துவிடுங்கள், அவரவர் கொண்டு வரட்டும்.

காணிக்கைப் பை சுற்ற வேண்டாம், வாசலில் பெட்டி. க்யூ.ஆர். குறியீடு வைத்தால் ஆலயத்தின் வங்கிக் கணக்குக்கே போகிறதா என்று வாராவாரம் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள், மேலே வேறொன்றை ஒட்டிவிடும் மோசடி நடக்கிறது.

ஒலி அமைப்பாளர்

ஆளுக்கு ஒரு மைக். கைமாற்றவே கூடாது. சானிடைசரை மைக்கில் நேராக அடித்தால் உள்ளே இருக்கும் சவ்வு கெடும். வலைத்தலையைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். மாஸ்க் குரலின் மேல்ஸ்தாயி ஒலியை 3, 4 டெசிபல் குறைக்கும், மிக்சரில் அதைக் கொஞ்சம் ஏற்றினால் குருவானவர் கத்த வேண்டியிருக்காது. கத்தாமல் பேசுவதே ஒரு பாதுகாப்பு.

பொது சுகாதாரச் செவிலியர்

ஒன்று விட்டுப்போயிற்று. யார், எந்த ஆராதனை, எந்த பெஞ்சு, போன் நம்பர் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யாருக்காவது தொற்று வந்தால் அதே ஆராதனைக்கு வந்தவர்களுக்குத் தனித்தனியாகப் போன் செய்து, வீட்டிலேயே இருக்கவும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பரிசோதனை செய்யவும் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தெரிவியுங்கள். நோயாளியின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். போட்டால் அடுத்தவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஆராதனைக்கு வருவார். நோட்டைச் செயலரே பூட்டி வைத்திருந்து, ஒரு மாதம் கழிந்த பக்கங்களைக் கிழித்து எரித்துவிடலாம்.