வினாத்தாளா வினாக்கொத்தா, அப்புறம் 'மோட் எஃபெக்ட்'டுக்கு ஒரு சொல்

வணக்கம். ஆய்வுச் சொற்களுக்குத் தமிழ் தேடறதுல, க்வெஸ்சனேருக்கு (கருத்துக் கேட்கக் கொடுக்கற கேள்வித் தொகுப்பு) 'வினாத்தாள்'னு வைக்கலாம்னு வந்த யோசனை எனக்கு ஒத்துவரல. அந்தச் சொல்லைக் கேட்டாலே பரீட்சைதான் ஞாபகம் வருது, ஊழியர்கிட்ட வினாத்தாள்னு நீட்டினா சரியான விடை எதுன்னு தேட ஆரம்பிச்சிடுவாங்க, நமக்கு வேண்டியது அவங்க மனசுல இருக்கறது. அதோட தாளே இல்லாம லிங்க்ல போறதுக்கு எப்படி அந்தப் பேரு? இலங்கைல 'வினாக்கொத்து'ன்னு ஏற்கனவே புழங்குது, அழகான சொல், கேள்விங்க கொத்தா இருக்குன்னு மட்டும் சொல்லுது. அதையே எடுத்துக்கலாம்.

கஷ்டம் 'மோட் எஃபெக்ட்'லதான், அதாவது எந்த வழியில கேக்கறோம்ங்கறதைப் பொறுத்து பதில் மாறறது. ஒரே கேள்வி, 1932ல இருந்து வர்ற அதே லிக்கர்ட் அளவுகோல் (லைக்கர்ட் இல்லைங்க, லிக்கர்ட்; எவ்வளவு ஒத்துக்கறோம்னு 1லிருந்து 5க்குள்ள குறிக்கறது, 3ன்னா நடுநிலை), ஆனா பேப்பர்ல ஒரு மாதிரியும் ஆன்லைன்ல வேற மாதிரியும் பதில் வரலாம். என் ஆய்வுக்கு ரெண்டுலயும் வாங்கினேன். பேப்பர் கட்டை எக்செல்ல ஏத்தும்போது பாத்தா, ஒருத்தர் 3க்கும் 4க்கும் நடுவுல டிக் போட்டு ஓரத்துல "மேனேஜரைப் பொறுத்தது"ன்னு பென்சில்ல எழுதியிருந்தார், எனக்கு அந்த ஒரு வரி பத்து கேள்விக்குச் சமம். ஆன்லைன்ல அந்த ஓரம் கிடையாது, கட்டாயக் கேள்வின்னு செட் பண்ணிட்டா விட்டுட்டும் போக முடியாது, ஏதாவது ஒரு வட்டத்தை அழுத்தியே ஆகணும், அதனால பேப்பர்ல காலியா வர்ற இடம் அங்க 3ஆ வந்து சராசரியில கலந்துடுது. அதேசமயம் 40 கேள்வியை ரெண்டே நிமிஷத்துல தள்ளிவிட்டவங்களை ஆன்லைன் நேரப்பதிவு காட்டிக்கொடுத்துடும், பேப்பர்ல அது தெரியாது.

இதை 'முறை விளைவு'ன்னு சொல்ல வேணாம்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன். 'காமன் மெத்தட் பயஸ்'னு ஒண்ணு மேலாண்மை ஆய்வுல தினம் வருது, வேலைத் திருப்தியையும் தன்னோட செயல்திறனையும் ஒரே ஆள் ஒரே வினாக்கொத்துல சொன்னா ரெண்டுக்கும் உள்ள தொடர்பு உள்ளதைவிட பெருசா தெரியறது, அதுக்கு 'முறை' வேணும். ரெண்டுக்கும் ஒரே சொல்லை வச்சா மாணவர்கள்தான் பாவம். 'ஊடக விளைவு'ன்னா டிவி, பத்திரிகைன்னு எடுத்துக்குவாங்க.

என் பரிந்துரை 'வினவுவழி விளைவு'. வினவுவழின்னா கேட்கிற வழி, தாள்வழி, இணையவழி, தொலைபேசிவழி எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும், ரெண்டு மூணு வழியைச் சேத்துக் கேட்டா 'கலப்பு வினவுவழி'. ஆய்வேட்டு வாக்கியத்துல வச்சும் பாத்தேன்: "வினவுவழி விளைவு உள்ளதா என அறியத் தாள்வழி, இணையவழிக் குழுக்களின் விடைகள் ஒப்பிடப்பட்டன." தடங்கல் இல்லாம ஓடுது.

'மெஷர்மென்ட் இன்வேரியன்ஸ்'க்கு (ரெண்டு குழுவுலயும் அளவுகோல் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி அளக்குதாங்கறது) இப்போதைக்கு 'அளவீட்டு மாறாமை'ன்னு போட்டு வச்சிருக்கேன், இதைவிட நல்லது தோணினா சொல்லுங்க, ரெண்டு வழியில வந்த விடைகளைச் சேக்கறதுக்கு முன்னாடி அந்தச் சோதனை பண்ணியாகணும்.