வளசரவாக்கம்: புது சிலிண்டர் மாட்டியும் அடுப்புக்கு காஸ் வரவில்லை, அவசரம்

வளசைக்குப் புதுசு:
யாழ்ப்பாணத்தில் இருந்து போன மாதம்தான் வந்தோம். வாடகை வீடு, அடுப்பும் சிலிண்டரும் வீட்டுக்காரருடையது. நேற்றிரவு காஸ் முடிந்தது. காலையில் புதுசு கொண்டுவந்த தம்பி வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நானே மாட்டினேன். ரெகுலேட்டரைத் திருப்பினால் ஒன்றும் வரவில்லை, லைட்டர் அடித்துக் கை நோகுது. பின்னேரம் மாமியார் ஆட்கள் சாப்பிட வருகினம். அரிசி ஊறிக்கொண்டிருக்கு. வெடிக்குமோ?

போரூர் அண்ணா:
பதறாதேங்கோ தங்கச்சி. வீட்டுக்காரர் சிலிண்டரை நம்பாமல் சொந்தமாக ஒன்று வைத்திருங்கோ. 5 கிலோ சிலிண்டர் பெட்ரோல் பங்கிலும் விற்கிறார்கள், அடையாள அட்டை காட்டினால் போதும். நாங்கள் வந்த காலத்தில் அதெல்லாம் ஏது? மண்ணெண்ணெய் ஸ்டவ்தான், திரி இழுத்து இழுத்து விரலெல்லாம் கரி. ஒரு மழைக்காலம் முழுக்க ரொட்டியும் சம்பலும்.

மடிப்பாக்கம் மாமி:
இண்டக்‌ஷன் வாங்கிடும்மா, தொல்லையே இல்லை. இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் கரண்ட் இலவசம்தானே.

விருகை வாடகைதாரர்:
இலவசமா? எங்கள் வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்குகிறார். அட்வான்ஸ் பத்து மாத வாடகை. ஆணி அடிக்கக்கூடாது, விருந்தாளி தங்கக்கூடாது, மீன் பொரித்தால் மாடியிலிருந்து இருமல் சத்தம்.

கொழும்பு பழசு:
மீன் பொரிக்க காஸாவது இருக்கே. 2022-இல் நாங்கள் 12.5 கிலோ வெற்று சிலிண்டரை வரிசையில் வைத்து, சைக்கிள் சங்கிலியால் கட்டிவிட்டுப் போவோம். இங்கே போன் பண்ணினால் வீட்டுக்கு வருது, அதற்கும் குறையா?

விருகை வாடகைதாரர்:
வருது, ஓடிபியோடு நான் வீட்டில் இருந்தால். மாடி ஏற்றத் தனிக்காசு.

கே.கே.நகர் ஸ்டவ் சர்வீஸ்:
அந்தப் பிள்ளை கேட்டதற்கு யாராவது பதில் சொல்லுங்களேன். சகோதரி, எல்லா பர்னரிலும் வரவில்லையா, ஒன்றில் மட்டுமா? ஒன்று என்றால், பர்னருக்குக் காஸ் விடும் சின்னத் துளையில், அதுதான் ஜெட், பால் பொங்கி அடைத்திருக்கும். எல்லாமே என்றால் கோளாறு சிலிண்டர் பக்கம். வெள்ளை மூடியை நூலைப் பிடித்து இழுத்து எடுத்தீர்களா? ரெகுலேட்டரை ஆஃபில் வைத்து, அடி வளையத்தைத் தூக்கிப் பிடித்து, வால்வில் அழுத்தி வளையத்தை விட்டால் ‘கிளிக்’ என்று உட்காரணும். அது உட்காராமல் குமிழைத் திருப்பிப் பிரயோஜனமில்லை. ஹோஸ் மேடைக்குப் பின்னால் மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906-க்குப் போன் பண்ணுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

மடிப்பாக்கம் மாமி:
சிலிண்டரைப் படுக்க வைத்து உருட்டினால் வரும். எங்க வீட்ல அப்படித்தான்.

கே.கே.நகர் ஸ்டவ் சர்வீஸ்:
மாமி, வேண்டவே வேண்டாம். படுக்க வைத்தால் காஸுக்குப் பதில் திரவம் ரெகுலேட்டருக்குள் வரும். நிமிர்ந்தே நிற்கட்டும்.

வளசைக்குப் புதுசு:
மூன்று பர்னரிலும் இல்லை. வாடை இல்லை. சிலிண்டர் நல்ல பாரம். கிளிக் கேட்டது. ரெகுலேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மணிக்கூடு மாதிரி ஒன்று இருக்கு, முள் சிவப்பில் நிற்குது. அதனாலோ?

கே.கே.நகர் ஸ்டவ் சர்வீஸ்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அது சேஃப்டி டிவைஸ்.

விருகை வாடகைதாரர்:
கழற்றி வீசிவிட்டு நேரா ரெகுலேட்டரை மாட்டுங்கள்.

ரொறன்ரோ ரிட்டர்ன்:
வீசாதேங்கோ. கனடாவில் பார்பிக்யூ புரொப்பேன் சிலிண்டரிலும் இதே கூத்துதான். அடுப்புக் குமிழ் திறந்திருக்க, சிலிண்டரைச் சட்டென்று திறந்தால் காஸ் வேகமாகப் பாயும். ஹோஸ் அறுந்துவிட்டது என்று நினைத்து உள்ளே இருக்கிற பாதுகாப்பு அடைத்துக்கொள்ளும். அடுப்புக் குமிழ் எல்லாவற்றையும் மூடுங்கோ, ரெகுலேட்டரையும் மூடுங்கோ. கொஞ்சம் பொறுத்து மெதுவாகத் திறவுங்கோ. அந்த மணிக்கூட்டின் தலையில் அமுக்குகிற மாதிரி இருந்தால் அமுக்குங்கோ, முள் பச்சைக்கு வரும். அதற்குப் பிறகு அடுப்பைத் திறக்கலாம்.

கே.கே.நகர் ஸ்டவ் சர்வீஸ்:
சரியாகச் சொன்னார். ஆனால் பற்றவைக்கும் முன் சோப்புத் தண்ணீரை மூட்டுகளில் தடவுங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்காதீர்கள். நிஜமாகவே கசிந்தாலும் அந்த டிவைஸ் அடைத்துக்கொள்ளும், அதனால்தான் சொல்கிறேன்.

வளசைக்குப் புதுசு:
பச்சைக்கு வந்துட்டுது! ஆனால் ஹோஸ் அடுப்பில் செருகுகிற இடத்தில் சின்னச் சின்னக் குமிழி.

கே.கே.நகர் ஸ்டவ் சர்வீஸ்:
அப்போ பற்றவைக்க வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஹோஸ் மேல் வருஷம் அச்சடித்திருக்கும், பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும்.

வளசைக்குப் புதுசு:
2017.

கே.கே.நகர் ஸ்டவ் சர்வீஸ்:
ஏஜென்சியில் ஆரஞ்சு நிற சுரக்‌ஷா ஹோஸ் கேட்டு வாங்குங்கள், ரோட்டுக்கடைப் பச்சை டியூப் வேண்டாம். மெக்கானிக்கையும் அனுப்பச் சொல்லுங்கள். பில்லை வீட்டுக்காரரிடம் கொடுங்கள்.

விருகை வாடகைதாரர்:
கொடுத்துப் பாருங்கள்.

மடிப்பாக்கம் மாமி:
சாயங்காலத்துக்குள்ள ஆள் வரமாட்டான்மா. அரிசியை அரைச்சு வச்சா நாளைக்கு ஆப்பம். மாமியாருக்கு இன்னைக்கு ஓட்டல் இடியாப்பம் சொல்லிடு.