காசிமேட்டில் பார்த்த ஆயாவின் கூடை

ராயபுரம் வாசி:
ஒரு மாதமாக மனதை அரித்துக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். என் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒயர் கூடை போடுவார். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு இரண்டும் அவர் கைக்குத் தண்ணீர் பட்டபாடு. எங்கள் தெருவில் அவர் கூடை இல்லாத வீடு குறைவு. அவர் இறந்த பிறகு வீடு மாறினோம். எங்களிடம் இருந்த கூடைகளைப் பழைய பிளாஸ்டிக்கோடு எடைக்குப் போட்டுவிட்டோம். அப்போது யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, காசிமேடு மீன்பிடித் துறைமுகம். கையில் பென்டாக்ஸ் கே1000 கேமரா, உள்ளே எச்பி5 கறுப்பு வெள்ளை பிலிம். 36 படத்தில் ஒன்றுதான் பாக்கி. வஞ்சிரம் வாங்கிய ஒரு அம்மா, தண்ணீர் வடியட்டும் என்று கூடையைச் சாய்த்துப் பிடித்தார். சிவப்பும் பச்சையும் மாறி மாறி வந்த கூடை. அடிப்பாகம் என் பக்கம் திரும்பியது. ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த அந்த மூலையில் ஒற்றை மஞ்சள் முடிச்சு.

ஆயா எந்த நிறத்தில் கூடை போட்டாலும் அடியில் அப்படி ஒன்று வைப்பார். கேட்டால், கூடைக்கும் கண் படும் என்பார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கேமராவைத் தூக்கினேன். வெளிச்சம் காட்டும் ஊசி நடுவில் வரும்வரை காத்திருந்து, ஃபோகஸ் சரிபார்த்து, அழுத்தினேன். கண்ணை எடுத்தபோது அந்த அம்மா ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார். “அம்மா, இந்தக் கூடை ஏது?” என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்!

தண்ணீரை ஐஸ் போட்டு 20 டிகிரிக்கு இறக்கி, டி-76 டெவலப்பரில் பிலிமை நானே கழுவினேன். படத்தில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிட்டன. ஆயா பார்த்துப் பார்த்துக் கோத்த கட்டம் முழுக்க மறைந்துவிட்டது. மஞ்சள் முடிச்சு மட்டும் வெளுத்துத் தெரிகிறது.

பெரம்பூர் இருட்டறை:
சகோதரரே, கறுப்பு வெள்ளையில் சிவப்பு, பச்சை இரண்டும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில்தான் விழும். சிவப்பு ஃபில்டர் போட்டிருந்தால் சிவப்பு ஒயர் வெளுத்து, பச்சை கறுத்து, கட்டம் தெளிவாக வந்திருக்கும். பச்சை ஃபில்டர் என்றால் நேர்மாறு. பையில் எப்போதும் ஒரு ஃபில்டராவது இருக்கட்டும். அடர் சிவப்பு மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), மஞ்சள் ஒரு ஸ்டாப்தான். ஆனால் மஞ்சள் ஃபில்டர் இந்த வேலைக்குப் போதாது. இன்னொன்று, நெகட்டிவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு பீரோவில் வைக்காதீர்கள். நம் கடற்கரைக் காற்றுக்குப் பூஞ்சை பிடித்துவிடும். அமிலம் இல்லாத காகித உறையில் இட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஜெல்லை மாதம் ஒருமுறை சூடாக்கி ஈரம் போக்குங்கள். என் பாட்டியின் ஒரே நெகட்டிவ் பூஞ்சை பிடித்தே போய்விட்டது. முகம் இருந்த இடத்தில் வேர் வேராக இருக்கிறது.

வண்ணாரப்பேட்டைப் பெண்:
மேலே எழுதியவருக்கு: விடிகாலை வெளிச்சத்தில் மூன்று ஸ்டாப் போனால் ஷட்டர் மெதுவாகி, படம் ஆடித்தான் போகும். அவர் வருத்தம் ஃபில்டரைப் பற்றியதும் இல்லை.

ராயபுரம் அண்ணா, மனம் நோகக்கூடாது. ஒற்றை முடிச்சை வைத்து மட்டும் உங்கள் ஆயா கூடை என்று சொல்ல முடியாது. என் அம்மாவும் போடுவார். ஒரு நிற உருட்டு தீர்ந்துபோனால் மிச்சம் கிடக்கும் துண்டு ஒயரைச் செருகி அடியை முடிப்பார். வடசென்னையில் அப்படிச் செய்த கைகள் ஏராளம். அம்மா கண் பார்வை மங்கிய பிறகும் விரலால் தடவியே முடிச்சு எண்ணினார். ஒருநாள் நான் போட்ட கூடையைத் தடவி, ஏழாவது வரிசையில் நிறுத்தி, ஒன்றும் பேசாமல் அங்கிருந்து பிரிக்க ஆரம்பித்தார். அந்த விரலை நான் படம் எடுக்கவே இல்லை.

திருவொற்றியூர் பெரியவர்:
ஊட்டியில் தயாரான ‘இந்து’ பிலிம் போட்டுப் பழகியவன் நான். ஆக்பா கிளிக் 3 கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படம். மார்கழியில் பாட்டி தெருவை அடைத்துப் போட்ட கோலத்தை எடுக்கப்போய், கோலம் முழுதாக வரவேண்டும் என்று அவரை ஓரமாக நகரச் சொன்னேன். நகர்ந்தார். கோலம் இருக்கிறது. ஓரத்தில் மாவு படிந்த கட்டைவிரலும் கொஞ்சம் புடவையும் மட்டும்.

ராயபுரம் வாசி:
அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நெகட்டிவை மறுபடி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் முடிச்சு யார் கையிலும் வரலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆயா இடது கைக்காரர். கைப்பிடியில் ஒயர் சுற்றும்போது அவர் சுற்று மற்றவர்கள் சுற்றுக்கு எதிர்ப்பக்கம் சாயும். படத்தில் கைப்பிடி கொஞ்சம்தான் தெரிகிறது, அந்த அம்மாவின் விரல்கள் மூடியிருக்கின்றன. சுண்டுவிரலுக்குக் கீழே தெரியும் மூன்று சுற்றும் ஆயா சுற்றும் பக்கமே சாய்ந்திருக்கின்றன.

வரும் ஞாயிறு ஐந்து மணிக்கே போய், வஞ்சிரக் கடைப் பக்கம் நிற்கப் போகிறேன்.