சிறு அழுத்தம் உரமா, சுமையா? வைட்டமின் மாத்திரை ஆய்வை முன்வைத்து ஒரு விவாதம்

நடைப்பயணி:
உடற்பயிற்சி செய்வோர் கூடவே வைட்டமின் மாத்திரைகளையும் விழுங்குவது வீண் என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. 2009இல் ஜெர்மனியின் ரிஸ்டோவ் குழுவினர் இளைஞர்களுக்கு நான்கு வாரம் பயிற்சி அளித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் நாள்தோறும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 அலகு வைட்டமின் ஈயும் கொடுத்தனர். மாத்திரை உண்ணாதவர்களுக்கு இன்சுலின் செயல்திறன் கூடியது. உண்டவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. உழைக்கும் தசையில் உருவாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளே செல்லின் தற்காப்பு நொதிகளைத் தூண்டுகின்றன என்பதும், மாத்திரை அந்தத் தூண்டுதலைத் தணித்துவிடுகிறது என்பதும் அவர்கள் தந்த விளக்கம். மனமும் இவ்வாறே சிறு நெருக்கடிகளால் உறுதி பெறுகிறது.

மருந்தாளுநர்:
ஆய்வை ஏற்கிறேன், அதிலிருந்து மனத்துக்குத் தாவுவதை ஏற்க இயலாது. பயிற்சிக்குப் பின் தசைக்கு உணவும் உறக்கமும் கிடைக்கின்றன, சீரமைப்பு அந்த ஓய்வில்தான் நடக்கிறது. மிதமான அழுத்தம் கற்றலுக்கு உதவும் என்பதற்குச் சான்றாகப் பலரும் காட்டும், உளவியலாளர்கள் யெர்க்ஸ், டாட்சன் ஆகியோரின் ஆய்வு 1908இல் சுண்டெலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் செய்யப்பட்டது. பாடம் கடினமானபோது வலுவான அதிர்ச்சி கற்றலைத் தாமதப்படுத்தியது என்பதும் அதிலேயே உள்ளது. வாரந்தோறும் தேர்வு வைத்துத் தரவரிசையைச் சுவரில் ஒட்டும் பயிற்சி மையங்கள் அழுத்தம் நல்லது என்று பெற்றோரை நம்பவைப்பதைக் காணும்போது எனக்குக் கோபமே வருகிறது.

கணித ஆசிரியை:
வகுப்பறையில் நான் காண்பதைச் சொல்கிறேன். கரும்பலகைக்கு முதன்முதலில் வரும் மாணவனின் கை நடுங்கும், சாக்பீஸ் ஒடியும், தெரிந்த கணக்கே மறந்துபோகும். எவரும் சிரிக்காமல் பார்த்துக்கொண்டு, இரண்டு வரி எழுதியதும் உட்காரச் சொன்னால், சில வாரங்களில் அவன் தானாகவே எழுந்து வருகிறான். அந்த நடுக்கத்தை முழுவதும் தவிர்த்திருந்தால் அவன் வந்திருக்கவே மாட்டான்.

நடைப்பயணி:
ஆசிரியை அவர்கள் சொல்வதையே நானும் வலியுறுத்துகிறேன். 1962இல் இத்தாலிய மரபியலாளர் ரிட்டோசா பழ ஈக்களில் கண்டறிந்த வெப்ப எதிர்வினையும் இத்தகையதே: மிதமான சூட்டில் உருவாகும் காப்புப் புரதங்கள் அடுத்து வரும் கடுஞ்சூட்டைத் தாங்க உதவுகின்றன.

மருந்தாளுநர்:
சூடு தணியாவிட்டால் ஈ செத்துப்போகும், ஐயா. ஆசிரியையின் மாணவன் இரண்டு வரியில் உட்கார்ந்துவிடுகிறான். விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளைக்கோ மாதக்கணக்கில் உறக்கம் கெடுகிறது, கார்ட்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் சுரப்பின் அன்றாட ஏற்றத்தாழ்வு குலைகிறது. 1993இல் நரம்பியல் ஆய்வாளர் மெக்இவன், நீடித்த அழுத்தத்தால் உடலில் சேரும் தேய்மானச் சுமை என்று விளக்கியது இந்த நிலையைத்தான். அந்தப் பிள்ளைக்கும் சிறு நெருக்கடி நல்லது என்றே சொல்வீர்களா?