துதிக்கை தூக்கிய லை: கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?

தெற்குத்தெரு:
போன மாதம் எதிர்க் கடையின் பிளெக்ஸைக் கழற்றினார்கள். பின்னால் தகரப் பலகை, பச்சைப் பெயின்டில் 'அரிசி ஆலை'. பழைய லை! இப்போதுபோல் முன்னால் தனிக் குறி இல்லை, எழுத்தோடு ஒட்டிய யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு. அந்தத் துதிக்கையை ஒரே இழுப்பில் இழுத்து, நுனியை மயிரிழையாக மெலிய விட்டிருந்தார் அந்தப் பெயின்டர். தூரிகை நின்ற இடத்தில் ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருந்தது. மறுநாள் படமெடுக்கப் போனேன், புது பிளெக்ஸ் ஏறிவிட்டது. இந்த வடிவத்தை மாற்றிய எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978இல் வந்தது, ஆகவே பலகை அதற்கு முந்தியது.

கட்டை_விரல்:
அந்த 'ஆகவே'தான் இடிக்கிறது. அரசாணை வந்த மறுநாளே பெயின்டரின் கை மாறிவிடுமா? என் அப்பா 1990களிலும் கடிதத்தில் துதிக்கை லைதான் எழுதினார். மறுபுறம், பெரியார் 1935லேயே 'குடி அரசு' இதழில் புது எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். லையை வைத்துப் பலகைக்கு ஜாதகம் கணிக்க முடியாது.

வெண்கலப்பானை:
எனக்கு இது சிரிக்கிற விஷயம் இல்லை. பாட்டி போன பிறகு பரணைக் காலி செய்தோம். ஒரு பித்தளைத் தவலையின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. 'அண்' வரை படித்தேன். அடுத்து ஏதோ சுழி, பிறகு 'ம', கடைசியில் ஒரு கொக்கி. எந்தக் கல்யாண வீட்டிலோ மாறி வந்த பாத்திரம் என்று நினைத்துப் பழைய பித்தளை விலைக்குப் போட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து அத்தை கேட்டார்: "அண்ணாமலைன்னு தாத்தா பேர் வெட்டின தவலை எங்கேடா?" சுழித்தது ணா, கொக்கி லை. சீர்திருத்தத்தில் மாறிய பதின்மூன்று எழுத்துகளில் இரண்டு தாத்தாவின் பெயரிலேயே இருந்திருக்கின்றன.

கல்லும்_மையும்:
பெயர் வெட்டிய பாத்திரம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். புளி போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள், வருடக்கணக்கில் புள்ளிகள் மழுங்கிவிடும். படமெடுக்கும்போது பிளாஷ் வேண்டாம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடியுங்கள். குழிகளில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். கல்லெழுத்துக்கும் இதே வழிதான். மாவு, சுண்ணாம்பு எதையும் அதன்மேல் பூசாதீர்கள். ஈரத் தாளை ஒற்றி மைப்படி எடுப்பது பழகியவர்கள் வேலை. படித்ததைத் தட்டச்சு செய்தால் புது லைதான் வரும். யூனிகோடில் இரண்டுக்கும் ஒரே குறியீடு, துதிக்கை எழுத்துருவைப் பொறுத்தது. அதனால் படமும் சேர்த்து வையுங்கள். நான் பார்த்தது ஊர்க் கிணற்றுக் கல்லில் ஒரு னை. அவ்வளவுதான்.

வெண்கலப்பானை:
தவலையே போய்விட்டது ஐயா, டார்ச்சை எங்கே பிடிக்க?

கட்டை_விரல்:
பழைய பாத்திரக் கடைகளில் உடனே உருக்க அனுப்ப மாட்டார்கள், மூட்டை சேரும்வரை கிடக்கும். போட்டு எத்தனை நாளாகிறது?

வெண்கலப்பானை:
ஆறு வருடம்.

தெற்குத்தெரு:
இன்று கடைக்காரரிடம், பிளெக்ஸின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "ஆடிக் காற்றில் தானாகக் கிழியும், அப்போது வாருங்கள்" என்கிறார்.